காதில் தண்ணீர்

உலகத்திலேயே அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்றுக்கு நாலு பேர் போய், ஆறு நாள் சுற்றி, ஒரு சொட்டு மழைகூடப் பார்க்காமல் திரும்பி வந்தோம். 2022 நவம்பர் முதல் வாரம். எல்லார் பையிலும் ரெயின்கோட் இருந்தது. பொடியன் தனக்கு ஒன்று, பேக்பேக்குக்கு ஒன்று என இரண்டு வாங்கியிருந்தான். ஆறு நாளும் அதை விரித்து அதன்மேல் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டோம்.

மாமா ஜனவரியில் கனடா போகிறான், அதற்கு முன்னால் ஒரு டிரிப், அவ்வளவுதான் திட்டம். கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த நாலு பேர். மாமா, பொடியன், கேப்டன், நான். மெஸ் கமிட்டிக்குத் தலைவனாக ஒரு செமஸ்டர் இருந்ததால் அவன் கேப்டன். அந்த ஒரு செமஸ்டர் மட்டும்தான் எங்களுக்கு வாரம் இரண்டு நாள் பூரி கிடைத்தது. முப்பத்தைந்தை நெருங்கும் வயதில் நாலு பேருக்கும் லீவு ஒன்றாகக் கிடைப்பது சூரிய கிரகணம் மாதிரி. கிடைத்ததும் கௌஹாத்திக்கு டிக்கெட் போட்டோம்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. 2019 பிப்ரவரியில் நான் கேப்டனுக்கு 4 லட்சம் கொடுத்திருந்தேன். வீடு வீடாக இட்லி மாவு சப்ளை செய்கிற கம்பெனி. ஆப் எல்லாம் இருந்தது. அந்த ஆப்பின் முதல் வெர்ஷனை எழுதிக் கொடுத்ததே நான்தான். ஒரு வருஷம் ஓடியது, பிறகு லாக்டவுன் வந்தது, மாவு புளித்தது. 2021-ல் இரண்டு தவணையாக 60,000 திருப்பிக் கொடுத்தான். அதன்பிறகு அந்தப் பேச்சே இல்லை. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தான். புது பைக் வாங்கி ஸ்டேட்டஸ் வைத்தான். நான் அந்த பைக்கின் ஆன்ரோடு விலையைத் தேடிப் பார்த்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்தேன்.

"இந்தத் தடவ நேர்ல பாக்குற இல்ல, கேட்டுரு" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். நோங்க்ரியாட்டில் கேட்பது என்று நானும் முடிவு செய்திருந்தேன். அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று படித்திருந்தேன். போன் வருகிறது என்று சொல்லி எழுந்து போக முடியாது.

கௌஹாத்தியிலிருந்து ஷில்லாங் நூறு கிலோமீட்டர். ஷில்லாங்கில் ஒரு ராத்திரி. மறுநாள் காலை ஈவ்டூ சந்தைப் பக்கத்திலிருந்து ஷேர் சுமோவில் சோராவுக்குக் கிளம்பினோம். சோரா என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சிரபுஞ்சி என்றால் தெரியும். சமூக அறிவியலில் ஒரு மார்க் கேள்வி. காசி மக்களுக்கு அது எப்போதும் சோராதான். வெள்ளைக்காரர்கள் வாயில் புகுந்து அது வேறாகி, நம் பாடப் புத்தகத்துக்குள் வரும்போது சிரபுஞ்சி ஆகிவிட்டது. 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரைக்கும் இங்கே பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். பன்னிரண்டு மாதக் கணக்கில் இன்றுவரை அதுதான் உலகச் சாதனை. எட்டு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குத் தண்ணீரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சராசரியில் இப்போது பக்கத்திலிருக்கும் மௌசின்ராம் முந்திவிட்டது.

அப்படிப்பட்ட ஊரில், நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா குளியலறையைக் காட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கெட் மட்டும் என்று விரலைக் காட்டிச் சொன்னார். பின்கட்டில் நீல நிற டிரம்கள் வரிசையாக நின்றன. எனக்கு ஒரு நொடி சென்னையில்தான் இருக்கிறோமோ என்று தோன்றிவிட்டது. 2019 கோடையில் எங்கள் ஓ.எம்.ஆர். அபார்ட்மெண்டில் இதே நிறத்தில்தான் டிரம் வாங்கி வைத்தோம். அப்போது ஐ.டி. கம்பெனிகள் ஆபீசில் தண்ணீர் இல்லையென்று ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். வீட்டிலும் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம்.

காரணம் சிக்கலானது இல்லை. மழையில் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மேல்மண் மெல்லியது, காடு குறைந்துவிட்டது, சரிவு செங்குத்து. கீழே சுண்ணாம்புக் கல்லில் ஆயிரம் ஓட்டை. பெய்ததெல்லாம் அப்படியே தெற்கே வங்கதேசச் சமவெளிக்கு ஓடிவிடும். குளிர்காலத்தில் குடத்தோடு ஊற்று தேடி நடக்க வேண்டும். "வரவு நல்ல வரவு, கையில நிக்கல" என்றான் மாமா. நான் கேப்டனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

அன்று மாலை நோகலிகாய் அருவிக்குப் போனோம். சுமார் 340 மீட்டர், ஒரே வீழ்ச்சி. இடையில் பாறையில் தட்டாமல் நேராக விழும் அருவிகளில் இந்தியாவில் இதுதான் உயரம். நவம்பரில் அது ஒரு வெள்ளை நூல் மாதிரி இறங்கி, கீழே பச்சையும் நீலமுமான ஒரு குளத்தில் சத்தமே இல்லாமல் சேர்ந்தது. சத்தம் மேலே வந்து சேராத அளவு தூரம்.

பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. லிகாய் என்று ஒரு விதவை. இரும்புச் சுமை தூக்கிப் பிழைப்பவள். கைக்குழந்தையோடு இரண்டாம் கல்யாணம். வீட்டுக்கு வந்தால் அவள் முழு நேரமும் குழந்தையோடுதான். புதுப் புருஷனுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது குழந்தையைக் காணோம், சமையல் மட்டும் தயாராக இருந்தது. அக்கம்பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்துப் பசியில் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை பாக்குக் கூடையை எடுத்தாள். அதில் சின்ன விரல்கள் கிடந்தன. ஓடிப்போய் இந்த விளிம்பிலிருந்து குதித்துவிட்டாள். 'நோ' என்றால் குதிப்பது, 'கா' பெண்பால், மிச்சம் அவள் பெயர்.

காசி மக்களிடம் குலம் அம்மா வழியாகத்தான் வரும். பூர்வீக வீடு கடைசி மகளுக்குப் போகும். அப்படி ஒரு சமூகம் தன் மிகப் பெரிய அருவிக்கு வைத்திருக்கும் கதை இது. பெண்ணுக்குச் சொத்து இருப்பதும் பெண் பத்திரமாக இருப்பதும் ஒன்றல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரம்மா ஒரு தட்டில் குவாய் கொண்டுவந்து வைத்தார். பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. விருந்தாளிக்குக் கொடுத்தே ஆக வேண்டிய மரியாதை. நாலு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேப்டன்தான் முதலில் எடுத்தான். "குப்லெய், காங்" என்றான். 'காங்' என்றால் அக்கா, 'குப்லெய்' என்றால் நன்றி. சுமோவில் பக்கத்தில் இருந்தவரிடம் இவ்வளவையும் கற்றுக்கொண்டிருந்தான். எங்கே போனாலும் முதல் பத்து நிமிஷத்தில் ஒரு சொந்தக்காரரை உண்டாக்கிவிடுவான். எனக்கு அது வராது. என்னிடம் 4 லட்சம் வாங்கியதும் அந்தத் திறமையால்தான் என்று அந்த இரவில் நினைத்தேன். குவாய் போட்டதும் காதெல்லாம் சூடாகி, குளிரே தெரியவில்லை.

செலவுக் கணக்கு ஸ்ப்ளிட்வைஸில் ஓடியது. போட்டது நான்தான். டீ 40, சுமோ இவ்வளவு, குவாய் 20 என்று ஒன்றுவிடாமல் ஏற்றினேன். "டேய், இருபது ரூபாயெல்லாமா போடுவ?" என்று பொடியன் சிரித்தான். கேப்டன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் குகை. மவ்ஸ்மாய் குகைக்கு எல்லாரும் போவார்கள். உள்ளே விளக்கு போட்டிருக்கிறார்கள், நூற்றைம்பது மீட்டரில் வெளியே வந்துவிடலாம். மாமாவின் தொப்பை ஒரு இடத்தில் சிக்கியது, அதற்கு வீடியோ இருக்கிறது. எனக்கு மவ்ம்லூ குகைதான் முக்கியம். அங்கே விளக்கு கிடையாது, கூட ஆள் வர வேண்டும், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டும். இந்தக் குகையில் எடுத்த ஒரு சுண்ணாம்புப் படிமத்தை வைத்துத்தான் 2018-ல் பூமியின் காலக் கணக்கில் ஒரு புதுப் பிரிவையே அறிவித்தார்கள். மேகாலயன் காலம். 4,200 வருஷங்களுக்கு முன்னால் ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருப்பது. நீங்களும் நானும் அதில்தான் இருக்கிறோம்.

மேலிருந்து சொட்டும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு, தரையில் படிந்து படிந்து தூணாக வளர்கிறது. ஒவ்வொரு படலத்திலும் அந்தக் காலத்து மழையின் ரசாயனக் கையெழுத்து இருக்கும். எங்கள் பாஷையில் சொன்னால், யாரும் அழிக்க முடியாத லாக் ஃபைல். அதைப் படித்தபோது 4,200 வருஷங்களுக்கு முன்னால் பருவமழை சட்டென்று பலவீனமானது தெரிந்தது. எகிப்திலும் மெசபடோமியாவிலும் ஊர்கள் நொடித்துப்போன காலத்தோடு அது ஒத்துப்போகிறது என்கிறார்கள். உலகத்தின் ஒரு பெரிய வறட்சிக்கான சாட்சி, உலகத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊரின் குகைக்குள் இருந்திருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் கூட வந்த ஆள் எல்லா டார்ச்சையும் அணைக்கச் சொன்னார். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாத இருட்டு. எங்கேயோ சொட்டுகிற சத்தம். "இப்ப கேளு" என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. முகம் பார்க்க வேண்டியதில்லை, இதைவிட வசதி கிடைக்காது. வாயைத் திறப்பதற்குள் பொடியன் பேய் மாதிரி ஊளையிட்டான்.

மத்தியானமே டிர்ணா போய் அங்கிருந்து நோங்க்ரியாட்டுக்கு இறங்க ஆரம்பித்தோம். 3,000-க்கும் மேல் படிகள், பெரும்பாலும் இறக்கம். ஆயிரமாவது படியிலேயே தொடை தனியாக நடுங்க ஆரம்பித்துவிடும். நாங்கள் கைத்தடி ஊன்றி முனகிக்கொண்டே இறங்க, எதிரே ஒரு பெரியவர் நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் கூம்புக் கூடையோடு ஏறி வந்தார். கூடை நிறையப் பாக்கு. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நிற்காமல் போனார். கம்பிப் பாலம் இரண்டு வந்தது. மிதித்தால் ஆடும், கீழே வீடு அளவுப் பாறைகளுக்கு நடுவில் ஆறு. இங்கே 'உம்' என்றால் தண்ணீர், 'மவ்' என்றால் கல். ஊர்ப் பெயர் ஆற்றுப் பெயர் பாதி இந்த இரண்டில்தான் ஆரம்பிக்கும். உம்ஷியாங், உம்ங்காட், மவ்ஸ்மாய், மவ்லின்னாங். பார்ப்பதற்கும் அந்த இரண்டுதான் இருந்தது.

வேர்ப்பாலத்தை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். நேரில் பார்த்தால் அது பாலம் என்பதைவிட, ஒரு மரம் அக்கரைக்குக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் தோன்றும். ரப்பர் மரத்தின் வேர்களை, பிளந்த பாக்கு மரத்தண்டு வழியாகவோ மூங்கில் சாரத்தின் மேலோ விட்டு ஆற்றைக் கடக்க வைக்கிறார்கள். ஆள் நடக்கிற பலம் வருவதற்குப் பதினைந்து முப்பது வருஷம் ஆகும். மரம் வளர வளரப் பாலமும் பலமாகிறது. மழை மரப்பாலத்தை அழுகவைக்கும், இரும்பைத் துருவாக்கும். இதை ஒன்றும் செய்யாது. நோங்க்ரியாட்டில் இருப்பது இரண்டு அடுக்கு. இதை வைத்துப் பொறுமை பற்றி லிங்க்ட்இன்னில் ஒரு போஸ்ட் போடலாம். பொடியன் போட்டான், சிக்னல் வந்ததும்.

அடுத்த நாள் ரெயின்போ அருவிக்குப் போகிற வழியில்தான் அந்தக் குளம். ஆறு ஒரு பாறைத் தொட்டியில் விழுந்து தங்கி, பிறகு வழிந்து போகிறது. தண்ணீரின் நிறத்தைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் ஃபில்டர் போட்டதாகத்தான் நினைப்பீர்கள். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. ஆனால் அது எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. மாமாவும் பொடியனும் குதித்துவிட்டார்கள். நான் கரையில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாக் குளத்திலும் என் வேலை அதுதான்.

எனக்கு நீச்சல் தெரியாது. ஊர் சாத்தூர்ப் பக்கம். வைப்பாறு என்று ஒரு ஆறு உண்டு, நான் பார்த்த நாட்களில் பெரும்பாலும் அதில் மணலும் கருவேலமும்தான் இருந்தன. பெரியப்பா தலைமுறை தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியது. எனக்கு அந்த வயது வந்தபோது அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை. எட்டிப் பார்த்தால் அடியில் ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. கேப்டன் அம்பாசமுத்திரத்துக்காரன். தாமிரபரணிக் கரை. நடக்கிறதுக்கு முன்னால் நீந்தியவன்.

"வா மாப்ள, நான் புடிச்சுக்கிறேன்" என்றான்.

"வேண்டாம்டா."

"இடுப்பளவு தண்ணிதான் இங்க. வா."

இறங்கினேன். தண்ணீர் குளிர் எலும்பைப் பிடித்தது. இரண்டு அடி நன்றாகத்தான் வைத்தேன். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. பாசி வழுக்கி, கால் கீழே போய்க்கொண்டே இருந்தது. வாய்க்குள் தண்ணீர். பிறகு நடந்ததில் எனக்கு ஒன்றுதான் தெளிவாக நினைவிருக்கிறது. கேப்டனின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, அவன் தலையை அழுத்தி, அவன்மேல் ஏறினேன். அவன் உள்ளே போனான். அவன் உள்ளே போவது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் விடவில்லை.

அவன் மேலே வர முயற்சி செய்யவில்லை. என்னோடு சேர்ந்து கீழேயே போனான். நான் பயந்து கையை எடுத்தேன். எடுத்ததும் பின்பக்கமாக வந்து அக்குளுக்குக் கீழே கை கொடுத்து இழுத்துப் பாறையில் சாய்த்தான். பத்து விநாடி இருக்கும். மூழ்குகிறவன் பிடித்தால் உதறக் கூடாது, கீழே போனால் அவனே விடுவான் என்று அவன் தாத்தா சொல்லிக் கொடுத்தாராம். அவன் கழுத்தில் என் நகம் மூன்று கோடு போட்டிருந்தது. மாமாவும் பொடியனும் அருவிப் பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் பார்க்கவில்லை.

"இப்பவே திரும்ப எறங்கு. இல்லேன்னா ஜென்மத்துக்கும் எறங்க மாட்ட" என்றான்.

இந்த முறை மல்லாந்து படுக்கச் சொன்னான். முதுகுக்குக் கீழே அவன் உள்ளங்கை. "தலைய சாய். இன்னும் சாய். காது தண்ணிக்குள்ள போகணும். கழுத்த வெறச்சுக்காத." சாய்த்தேன். காது உள்ளே போனதும் அருவிச் சத்தம் அறுந்துவிட்டது. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு ரீங்காரம், கல் உருளுகிற மாதிரி எதோ. மேலே இரண்டு மலைக்கு நடுவில் ஒரு துண்டு வானம். ஓரமாக கேப்டனின் முகம், தலைகீழாக. அவன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. நீச்சல் சொல்லிக் கொடுக்கிற உதடு இல்லை அது, நடுவில் நிறுத்தினான், வேறு பக்கம் பார்த்தான், மறுபடி பேசினான். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தலையைத் தூக்கினால் மூழ்கிவிடுவேன் என்ற பயத்தில் அப்படியே கிடந்தேன். முதுகுக்குக் கீழே கை இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

எழுந்து காதைத் தட்டிக்கொண்டே கேட்டேன். "என்னடா சொன்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா மெதக்குறன்னு சொன்னேன்."

திரும்பி ஏறுவது அதற்கடுத்த நாள். அதே படிகள். இப்போது கேப்டனுக்கு மூச்சு வாங்கியது, மற்ற இரண்டு பேரும் முன்னால் போய்விட்டார்கள். ஒரு திருப்பத்தில் எலுமிச்சைத் தண்ணீர் விற்கிற பெண்ணின் பலகையில் உட்கார்ந்தோம். நான் கேட்கவில்லை. அவனாகத்தான் ஆரம்பித்தான்.

"மாவு அரைக்கிற மெஷின் இன்னும் அத்தை வீட்டு மாடிலதான் கெடக்கு. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். வித்தா முப்பதாயிரம் வராது. ஆனா விக்க மனசு வரல."

அதற்குமேல் அவன் பேசியிருப்பான். நான் வாயைத் திறந்து, "விட்றா" என்றேன்.

சொன்னதும் எனக்கே திக்கென்றது. 'விட்றா' என்றால் என்ன? இந்தப் பேச்சை இப்போது விடு என்பதா? அந்தப் பணத்தை நான் விட்டுவிட்டேன் என்பதா? நான் சொன்னது முதல் அர்த்தத்தில்தான் என்று நினைக்கிறேன். அவனுக்கு எந்த அர்த்தத்தில் கேட்டது என்று தெரியாது. 3,40,000 ரூபாயை ஒரு வார்த்தையில் தள்ளுபடி செய்துவிட்டேனா என்று மிச்சமிருந்த ஆயிரத்துச் சொச்சம் படிகளும் யோசித்துக்கொண்டே ஏறினேன். திருத்திச் சொல்லவும் முடியாது. கழுத்தில் அந்த மூன்று கோடும் வியர்வை பட்டுச் சிவந்திருந்தன.

டவ்கிக்குப் போனோம், கண்ணாடித் தண்ணீரில் படகு அந்தரத்தில் நிற்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டோம். எல்லாரும் எடுப்பதுதான். எதிரே வங்கதேசத்துக் கரையில் ஒரு குடும்பம் எங்களைப் போட்டோ எடுத்தது.

கௌஹாத்தி ஏர்போர்ட்டில் ஸ்ப்ளிட்வைஸ் கணக்கை முடித்தேன். கேப்டன் எனக்குத் தர வேண்டியது 2,315. நான் சொல்லி முடிப்பதற்குள் ஜிபே வந்துவிட்டது. நோட்டில் 'குவாய் உட்பட' என்று எழுதியிருந்தான்.

வீட்டுக்கு வந்து பையை இறக்கினேன். பொடியனின் உபரி ரெயின்கோட் எப்படியோ என் பைக்குள் வந்திருந்தது.

"கேட்டியா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"அவனா எதாச்சும் சொன்னானா?"

"சொன்னான்னுதான் நெனைக்கிறேன். காதுல தண்ணி இருந்துச்சு."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. மோட்டார் போடப் போய்விட்டாள்.